செம்மண்ணில் முளைத்த சிற்பங்கள்

சாந்திநிகேதன் பாடசாலை வளவிலே ராம்கிங்கர் பைஜ் படைத்த உருவங்கள்

சிற்பம் என்றவுடன் நமது மனக்கண்முன் தோன்றுபவை எவை? கோயிற் கோபுரத்திலே நெருங்கி நிற்கும் சுதை உருவங்கள். கருங்கல்லிலே செதுக்கிய தெய்வத் திருமேனிகள். நூதனசாலைக் கண்ணாடிப் பேழைக்குள் அடைபட்டிருக்கும் வெண்கலப் படிமங்கள். நாற்சந்தியிலே உயர்ந்த பீடத்தின்மீது நின்று போக்குவரத்தை மேற்பார்வை செய்யும் பெருமக்களின் சிலைகள். இவற்றுள் எதுவும் நாள்தோறும் நமது பிள்ளைகளின் தோளோடு தோள் உரசி நிற்பதில்லை. கும்பிடுவதற்கு ஒன்று, வியப்பதற்கு ஒன்று, மாலை சூட்டுவதற்கு ஒன்று என்று சிற்பங்களை நாம் எட்ட வைத்தே பழகிவிட்டோம்.

ஆனால் சிறுவர்கள் புத்தகமும் கையுமாய்ப் போகும் வழியிலே, மரங்களுக்கு இடையில் மற்றொரு மரம்போல நிற்கும் சிற்பங்களும் உலகில் உண்டு. அவை பளிங்கினால் ஆனவை அல்ல. வெண்கலத்தால் ஆனவையும் அல்ல. அந்தப் பாடசாலை நிலத்திலே காலில் இடறும் செம்பரற் கற்களைப் பொறுக்கிச் சீமெந்துடன் குழைத்து எழுப்பப்பட்டவை. அவற்றைப் படைத்தவர் வங்காளத்து ஏழைக் குடும்பமொன்றிலே தோன்றிய ராம்கிங்கர் பைஜ். அவை நிற்கும் இடம் கவி ரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதன். அந்தச் சிற்பங்களின் வரலாற்றையும், அவற்றை இன்று எதிர்நோக்கும் இக்கட்டையும் இவ்வாரம் நமது வாசகர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகின்றோம்.

மரநிழலே வகுப்பறை

கல்கத்தா நகருக்கு ஏறக்குறைய 100 மைல் தொலைவில், போல்பூர் என்னும் ஊரின் அருகே அமைந்தது சாந்திநிகேதன். 1863ஆம் ஆண்டிலே கவியின் தந்தையாராகிய தேவேந்திரநாத தாகூர் இவ்விடத்திலே நிலம் பெற்றார். அன்று அது மரஞ்செடிகள் அருகிய வெட்டவெளி. அங்கு நின்ற ஏழிலைப்பாலை மரங்களின் நிழலிலே அவர் தியானத்தில் அமர்ந்தார் என்பது வரலாறு. பின்னாளில் அம்மரமே அந்நிறுவனத்தின் அடையாளமாயிற்று. பட்டம் பெற்று வெளியேறும் மாணவருக்கு ஏழிலைப்பாலைக் கொத்து ஒன்றை வழங்குவது அங்குள்ள வழக்கம். பொன்னும் வெள்ளியும் கொடாது இலையைக் கொடுக்கும் அந்தப் பட்டமளிப்பு விழா ஒன்றே அந்தப் பாடசாலையின் உள்ளத்தை நமக்குப் புலப்படுத்தும்.

1901ஆம் ஆண்டிலே கவி தாகூர் அங்கு ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அப்போது மாணவர் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கதே. நாற்புறமும் சுவரெழுப்பிய அறைக்குள் அடைபட்டுப் படித்த தமது இளமைப் பருவத்தைக் கவி என்றும் கசப்போடு நினைத்தவர். ஆதலால் தமது பாடசாலையிலே மரத்தடியையே வகுப்பறையாக்கினார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து பாடம் கேட்டார்கள். மழை வந்தால் பாடம் கலையும். மாமரம் பூத்தால் அதுவும் ஒரு பாடமாகும். 1928ஆம் ஆண்டு முதல் மரம் நடுதலே ஒரு திருவிழாவாக அங்கு கொண்டாடப்பட்டு வருகின்றது. 1921இலே விசுவபாரதியாக விரிந்து, 1951இலே மத்திய அரசின் பல்கலைக்கழகமாக உயர்ந்த பின்னரும், சிறுவர் பாடசாலையின் மரத்தடி வகுப்புகள் நின்றுவிடவில்லை.

இத்தகைய இடத்திலே 1919ஆம் ஆண்டிற் கலாபவனம் என்னும் கலைக்கல்லூரி தோன்றியது. புகழ்பெற்ற ஓவியர் நந்தலால் போஸ் அதன் தலைவராக 1951 வரை வீற்றிருந்தார். ஐரோப்பியக் கலைச்சாலைகளைப் பார்த்துப் படியெடுக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. முதலிற் கண்ணெதிரே நிற்கும் மரத்தையும், மாட்டையும், வயலில் உழைக்கும் மனிதரையும் உற்றுநோக்குங்கள் என்பதே அவருடைய போதனையின் சாரம்.

கால் இடறும் கல்லின் கதை

சாந்திநிகேதன் அமைந்த பிர்பூம் மாவட்டத்தின் மண் சிவந்தது. இரும்புச் சத்து மிகுந்த செம்புரைக் கல் அங்கு தரைக்குக் கீழே படிந்து கிடக்கின்றது. நமது நாட்டின் மேற்குக் கரையோரப் பகுதிகளிலே வீடு கட்டுவதற்கு வெட்டியெடுக்கும் கபுக் கல்லும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. வெப்பமும் பெருமழையும் மாறிமாறித் தாக்கும் நாடுகளிலே பாறையிலுள்ள கரையத்தக்க பொருள்கள் யாவும் நெடுங்காலம் மழைநீரால் அரித்துச் செல்லப்பட, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நின்று, துருவேறிச் செந்நிறம் பெறுகின்றன. மண்ணுக்குள் இருக்கும்போது மண்வெட்டியால் வெட்டக்கூடியதாயும், வெளியே எடுத்துக் காற்றுப்பட வைத்தால் இறுகி வன்மை பெறுவதாயும் இருப்பது இக்கல்லின் தனி இயல்பு.

மாரிகாலத்து வெள்ளம் இந்தச் செந்நிலத்தை அரித்து அரித்துச் சிறு மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் போன்ற ஒரு விந்தைக் காட்சியை அங்கு உண்டாக்கியிருக்கின்றது. வங்காளிகள் அதனைக் 'கோயாய்' என்று அழைப்பர். அரித்த மண் நீரோடு போய்விட, உருண்டு திரண்ட செம்பரற் கற்கள் மட்டும் எங்கும் பரந்து கிடக்கும். உழவனுக்கு அவற்றால் உபயோகமில்லை. பாதையிலே பரப்புவதற்கன்றி அவற்றை ஒருவரும் விரும்பியதில்லை. அந்தப் பயனற்ற பரற்கற்களே பிற்காலத்தில் இந்தியச் சிற்பக் கலையிலே ஒரு புதிய அத்தியாயத்தை எழுதப்போகின்றன என்று அன்று எவர் நினைத்திருப்பார்?

ஏழைக் குடிலிலே தோன்றிய சிற்பி

ராம்கிங்கர் 1906ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி வங்காளத்தின் பாங்குரா என்னும் ஊரிலே பிறந்தார். நாவிதத் தொழில் செய்த வறிய குடும்பம் அது. அயலிலே குயவர்கள் சக்கரம் சுழற்றுவதையும், பூசைக் காலங்களிலே கைவினைஞர்கள் களிமண்ணால் தெய்வ உருவங்களை வனைவதையும் அந்தச் சிறுவன் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்ததைத் தன் கையாற் செய்தும் பார்ப்பான். ஒத்துழையாமை இயக்கக் காலத்திலே தேசத் தலைவர்களின் உருவப் படங்களை எழுதிய அந்த இளைஞனின் கைத்திறன், 'மாடர்ன் ரிவியூ' ஆசிரியராகிய ராமானந்த சாட்டர்ஜியின் கண்ணிற்பட்டது. அவரே 1925ஆம் ஆண்டிலே அவரைச் சாந்திநிகேதனுக்கு அழைத்துவந்தார். அப்போது ராம்கிங்கருக்கு வயது 19.

கொண்டுவந்த படங்களைப் பார்த்த நந்தலால், இவ்வளவும் தெரிந்தவனுக்கு இங்கு கற்க என்ன இருக்கின்றது என்று முதலிற் கேட்டாராம். பின்னர், இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்து பார் என்று கூறினாராம். அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் ராம்கிங்கரின் ஆயுட்காலம் முழுவதும் முடியவேயில்லை. மாணவராய் வந்தவர் ஆசிரியராகிச் சிற்பப் பகுதிக்குத் தலைவருமாகி, அந்த மண்ணிலேயே ஒன்றிவிட்டார்.

சாந்திநிகேதனுக்கு வந்து தங்கிய மேனாட்டுச் சிற்பிகளிடமிருந்தும் அவர் சில நுட்பங்களைக் கற்றார். வியன்னாவிலிருந்து வந்த லிசா வொன் பொட் அம்மையாரும், பிரெஞ்சுச் சிற்பி பூர்தேலிடம் பயின்ற மார்கரெட் மில்வேர்டு அம்மையாரும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். எனினும் கற்றதை அப்படியே ஒப்புவிக்கும் மாணவரல்லர் ராம்கிங்கர். மேனாட்டு முறையை அறிந்துகொண்டு, தம் காலடி மண்ணால் அதனை மாற்றி எழுதினார் என்பதே அவருடைய பெருமை.

மரத்தோடு மரமாய் நின்ற சுஜாதை

1935ஆம் ஆண்டிலே சாந்திநிகேதனின் யூக்கலிப்டஸ் மரங்களுக்கிடையே ஒரு பெண் உருவம் எழுந்தது. நெடிதுயர்ந்து, ஒடுங்கி, நிமிர்ந்து நடந்து செல்லும் பாவனையில் அமைந்த உருவம். அதன் கைகளும் இடையும் மரக்கிளைகளையும் அடிமரத்தையும்போல நீண்டு செல்கின்றன. மேனி வழுவழுப்பாக இல்லை. மரப்பட்டைபோலச் சொரசொரப்பாக இருக்கின்றது. சற்றே தொலைவில் நின்று பார்ப்பவருக்கு, அங்கு நிற்பது மரமா மங்கையா என்ற மயக்கம் ஒரு கணம் தோன்றாமற் போகாது. இலைகளினூடே விழும் வெயில் அவள்மீதும் விழுகின்றது. மரங்களின் நிழல் அவளது தோளிலும் அசைகின்றது. சூழலிலிருந்து பிரித்து வேறோர் இடத்தில் வைத்தால் அந்தச் சிற்பம் பாதி உயிரை இழந்துவிடும் எனலாம்.

இவ்வுருவத்துக்கு மாதிரியாக அமைந்தவர் சென்னையிலே பிறந்து அங்கு கலை பயின்ற ஜயா அப்பாசாமி என்பர். இவர் பிற்காலத்தில் ஓவியராகவும் கலை விமரிசகராகவும் பெயர் பெற்றவர். முதலில் இது ஒரு பெண்ணின் உருவமாக மட்டுமே இருந்தது. தலைமீது ஒரு பாத்திரத்தை வைத்துவிடு என்று நந்தலால் யோசனை கூறினாராம். பாத்திரம் தலையில் ஏறியதும் அந்தப் பெண் சுஜாதையானாள். தவத்தால் உடல் மெலிந்திருந்த கௌதமருக்குப் பாற்சோறு படைத்து உயிரூட்டிய அந்தக் கிராமத்து மங்கையின் கதை, பௌத்த நாடாகிய இலங்கையிலே வாழும் நமக்குப் புதியதன்று. ஒரு பாத்திரம், ஒரு பழங்கதை. நடந்து செல்லும் பெண்ணுக்கு ஒரு நோக்கம் பிறந்துவிட்டது. குருவின் ஒரு சொல் மாணவரின் படைப்பை எவ்வாறு உயர்த்தும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுமோ?

புதுமை எங்கு தோன்றினாலும் முணுமுணுப்பும் கூடவே தோன்றும். இது என்ன கோலம், முகம் தெளிவாக இல்லையே, மேனி கரடுமுரடாக இருக்கின்றதே என்று சிலர் குறைகூறினர். கவி தாகூர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு ராம்கிங்கரை அழைத்தனுப்பினார். என்ன நேருமோ என்று அஞ்சியவாறே இளைஞர் சென்றார். கவியோ கடிந்துகொள்ளவில்லை. இந்த நிலப்பரப்பு முழுவதையும் இத்தகைய உருவங்களால் நிரப்பிவிடு. ஒன்றை முடித்தபின் திரும்பிப் பாராது அடுத்ததைத் தொடங்கு என்ற பொருள்படக் கூறினாராம். ராம்கிங்கர் தமது முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்த சம்பவம் இது.

ஈண்டு நமது நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் குறிப்பிடல் வேண்டும். சுஜாதை எழுவதற்கு முந்திய ஆண்டாகிய 1934இலே தாகூர் தமது நாடகக் குழுவினரோடு இலங்கைக்கு வந்தார். நந்தலாலும் உடன் வந்திருந்தார். விசுவபாரதி பணமுடையால் வருந்திய காலம் அது. கவி முதுமையையும் பாராது ஊர் ஊராகச் சென்று கலை நிகழ்ச்சிகள் நடத்தி அதற்கு நிதி திரட்டி வந்தார். அந்த வருகையின்போதே ஹொரணையிற் சாந்திநிகேதனை முன்மாதிரியாகக் கொண்டு தோன்றிய ஸ்ரீபாலி கல்விக்கூடத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார். வெண்கலம் வாங்க வசதியற்ற ஒரு பாடசாலையிலே அத்தகைய சிற்பங்கள் ஏன் பரற்கல்லில் எழுந்தன என்பதை இப்போது வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர்.

நடந்து செல்லும் குடும்பம்

ராம்கிங்கரின் படைப்புகளுள் தலைசிறந்தது 1938ஆம் ஆண்டில் உருவாகிய 'சந்தால் குடும்பம்' என்பது பலரது துணிபு. சந்தாலர் என்போர் அப்பகுதியிலே வாழும் ஆதிக்குடிகள். வயல் வேலையும் கூலி வேலையும் தேடி இடம்விட்டு இடம் செல்வோர்.

சிற்பத்திலே ஓர் ஆடவன் தோளிற் காவடித் தண்டு சுமந்து நடக்கின்றான். தண்டின் ஒரு முனையிலே தொங்கும் கூடைக்குள் ஒரு குழந்தை அமர்ந்திருக்கின்றது. மறுமுனையிலே அக்குடும்பத்தின் தட்டுமுட்டுப் பொருள்கள். ஒரு குழந்தையின் பாரமும் ஒரு வீட்டின் முழு உடைமையும் நிறையொத்து நிற்கின்றன! அந்தத் தராசைக் கண்டபின், அவர்களுடைய வறுமையைப்பற்றி வேறு விளக்கம் வேண்டியதில்லை. பக்கத்திலே மனைவி, இடுப்பிற் கைக்குழந்தையுடன் கணவனுக்கு ஈடாக அடியெடுத்து வைக்கின்றாள். காலடியிலே ஒரு நாயும் கூடவே ஓடுகின்றது. வீட்டைத் துறந்து போகும்போது நாயைத் துறவாத குடும்பம் அது.

ஆயினும் அவர்கள் முகத்திலே இரங்கத்தக்க சோர்வு இல்லை. நெஞ்சு நிமிர்ந்திருக்கின்றது. நடை உறுதியாக இருக்கின்றது. மனித அளவினும் பெரிதாக அமைந்த அவ்வுருவங்கள் உயர்ந்த மேடையின்மீது ஏற்றி வைக்கப்படவில்லை; தரையை ஒட்டிய தாழ்ந்த தளத்திலேயே நிற்கின்றன. ஆகவே பார்ப்பவர் அண்ணாந்து நோக்குவதில்லை. அவர்களோடு சேர்ந்து நடப்பதுபோன்ற உணர்ச்சியே உண்டாகின்றது. அரசர்க்கும் ஆளுநர்க்கும் சிலை எடுத்த ஒரு காலத்திலே, பெயரறியாத கூலிக் குடும்பம் ஒன்றுக்குப் பேருருவம் எடுத்த துணிவை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொதுவிடத்தில் அமைந்த இந்தியாவின் முதலாவது நவீன சிற்பம் இதுவே என்று கலை வரலாற்றாசிரியர் பலர் மதிப்பிடுகின்றனர்.

1956ஆம் ஆண்டில் எழுந்த 'ஆலைச் சங்கு' என்னும் சிற்பத்தையும் இதனோடு சேர்த்துப் பார்த்தல் தகும். அரிசி ஆலையின் சங்கு ஊதிவிட்டது. இரண்டு சந்தால் பெண்கள் விரைந்து ஓடுகின்றார்கள். நனைந்த சேலையை நின்று உலர்த்த நேரமில்லை. ஓடும் ஓட்டத்திலேயே காற்றில் விரித்து உலர்த்துகின்றார்கள். பின்னாலே ஒரு சிறுவன். முன்னைய சிற்பத்திலே நிதானமான நடை. பின்னையதிலே மூச்சுவாங்கும் ஓட்டம். இரண்டுக்கும் இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளிலே மணிக்கூட்டின் ஆட்சி கிராமத்தையும் எட்டிவிட்டதைச் சிற்பி ஒரு சொல்லும் சொல்லாமற் காட்டிவிட்டார். ஆயினும் அந்த ஓட்டத்திலே துயரம் இல்லை. புயற்காற்றிலே வளைந்து நிமிரும் மரங்களின் துள்ளலே அதில் இருக்கின்றது.

கையால் எறிந்து கட்டிய உருவம்

இச்சிற்பங்கள் ஆக்கப்பட்ட முறையை மாணவர்கள் அறிந்துகொள்வது பயன்தரும். கல்லிலே செதுக்குபவன் வேண்டாததை நீக்கி உருவத்தை வெளிக்கொணர்கின்றான். வெண்கலம் வார்ப்பவன் முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ உருவம் செய்து, அச்செடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றுகின்றான். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டும். அச்செடுப்பதற்கு வேண்டிய பாரிஸ் சாந்துகூட ராம்கிங்கருக்கு எட்டாத விலையாயிருந்தது.

எனவே அவர் வேறு வழி கண்டார். இரும்புக் கம்பிகளை வளைத்துக் கட்டி உருவத்தின் எலும்புக்கூட்டை முதலில் அமைத்தார். சீமெந்தையும் மணலையும் செம்பரற் கற்களையும் நீர்விட்டுக் குழைத்து, அக்கலவையைக் கையால் அள்ளி அந்தக் கூட்டின்மீது எறிந்து அப்பினார். சீமெந்து இறுகுவதற்குள் உருவம் அமைந்துவிட வேண்டும். காலதாமதம் செய்ய இடமில்லை. பின்னர் வேண்டிய இடங்களிலே உளிகொண்டு செதுக்கிச் சீர்செய்தார். வெயிலிலே, திறந்த வெளியிலே, மாணவர் சூழ்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேலை நடந்தது. பட்டறைக் கதவை மூடிவைத்துச் செய்த மந்திர வித்தை அன்று அது.

இந்த முறையினாலேயே அச்சிற்பங்களுக்கு ஒரு தனி அழகு வாய்த்தது. எறிந்த கையின் வேகம் மேற்பரப்பிலே அப்படியே பதிந்திருக்கின்றது. பரற்கற்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கல்லும் ஒரு சிறு நிழலை வீசுகின்றது. மழையில் நனைந்தால் முழு உருவமும் நிறம் ஆழ்ந்து நிலத்தோடு ஒன்றாகின்றது. இயற்கையைப் பார்த்து எழுதிய சிற்பங்கள் உலகிற் பல உண்டு. இயற்கையையே எடுத்துக் குழைத்து, இயற்கையின் நடுவிலேயே நிறுத்திய சிற்பங்கள் சிலவே.

கொடுத்த கையே பறிக்கின்றது

இனி நாம் கவலைக்குரிய பகுதிக்கு வருவோம். எந்த வெயிலும் மழையும் அச்சிற்பங்களுக்கு உயிரூட்டுகின்றனவோ, அவையே அவற்றின் உயிரைக் குடிக்கவும் செய்கின்றன.

சீமெந்துக் கலவை பார்வைக்குக் கல்லைப்போல இருந்தாலும் கருங்கல்லின் ஆயுள் அதற்கில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியாக நீர் உட்புகும். உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை அது தொட்டதும் துருப்பிடிக்கத் தொடங்கும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பெருகுமாதலால், உள்ளிருந்து வெளிநோக்கி நெருக்கி, சீமெந்தை வெடிக்கச் செய்யும். வெடிப்பின் வழியே மேலும் நீர் புகும், மேலும் துருவேறும். கரடுமுரடான மேற்பரப்பிலே பாசி படரும். பாசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்கரையோரம் கட்டிய பழைய வீடுகளின் கூரைத்தட்டு உதிர்ந்து கம்பி தெரிவதைக் கண்டவர்களுக்கு இந்த நோயைப்பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரம் யாது? நூதனசாலைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் மழையிலிருந்து தப்பும். ஆனால் மரங்களையும் வெயிலையும் பிரிந்த சுஜாதை சுஜாதையாக இருப்பாளா? மேலே கூரை அமைக்கலாம். கூரை மழையைத் தடுக்கும்போது ஒளியையும் நிழலையும் அல்லவா தடுத்துவிடுகின்றது? அச்செடுத்து வெண்கலத்தில் வார்த்து வைத்தால் நூற்றாண்டுகள் நிலைக்கும். ஆனால் வெண்கலத்திற் செம்மண் ஏது? கையால் எறிந்த பரற்கல் ஏது? ஒன்றும் செய்யாது விட்டுவிடலாம் என்றால், பிற்காலத்துப் பிள்ளைகளுக்குக் கம்பிகளும் கற்குவியலுமே மிஞ்சும்.

பரிகாரம் எதுவாயினும் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் காக்க வேண்டிய நிலை. இக்கட்டு இதுதான். நமது கருத்து யாதெனில், இடம் பெயர்க்காமலே காப்பதே முதற் கடமை. வெடிப்புகளை உடனுக்குடன் அடைத்தல், பாசியை மென்மையாக நீக்குதல், அடித்தளத்திலே நீர் தேங்காது வடியச் செய்தல் ஆகியவை ஆரவாரமற்ற வேலைகள். ஆனால் ஆண்டுதோறும் தவறாது செய்யவேண்டிய வேலைகள். உருவங்களை அளந்து படமெடுத்து, எந்தக் கல் எங்கிருந்தது என்பதுவரை குறித்து வைத்தலும் இன்று இயலும். 2023ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பெருமை பெரிதுதான். ஆனால் பட்டியலிலே பெயர் ஏறிவிட்டால் பாசி தானாக உதிர்ந்துவிடாது. பெருமையைக் காட்டிலும் பராமரிப்பே சிற்பத்தைக் காக்கும்.

படைத்தவரின் வாழ்வு

சிற்பங்கள் நின்ற வெயிலிலேயே சிற்பியும் நின்றார். ராம்கிங்கர் பணத்தைத் தேடியவர் அல்லர். வந்ததைச் சேர்த்து வைத்தவருமல்லர். கூரை ஒழுகியபோது தாம் எழுதிய எண்ணெய்வண்ண ஓவியங்களையே அதன்மீது செருகி மழையைத் தடுத்தார் என்பது அவரைப்பற்றிப் பலரும் கூறும் செய்தி. கேட்பவருக்கு நகைப்பு வரலாம். சற்று ஆழ்ந்து நோக்கினால் நெஞ்சு கனக்கும். ரித்விக் கட்டக் என்னும் திரைப்பட மேதை 1975இலே அவரைப்பற்றி ஒரு விவரணப் படம் எடுக்கத் தொடங்கினார். அதனை முழுமையாக்குமுன் 1976இல் கட்டக் மறைந்துவிட்டார்.

புதுடெல்லி ரிசேர்வ் வங்கியின் வாயிலிலே நிற்கும் யக்ஷன், யக்ஷி என்னும் பெருங்கற் சிலைகளும் ராம்கிங்கரின் கைவண்ணமே. 1970ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் தேதி அவர் காலமானார். செல்வம் காக்கும் வங்கியின் வாயிலுக்குக் காவலரைச் செய்து கொடுத்தவர், தாம் இறக்கும்போது செல்வம் ஏதும் வைத்திருக்கவில்லை. ஆனால் ஒரு பாடசாலையின் வளவு முழுவதையும் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் சென்றார்.

நமது பாடசாலைகளுக்கு ஒரு வார்த்தை

இவ்வரலாற்றை வாசித்தபின் நமது பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் ஒரு கேள்வியைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளலாம். நமது பாடசாலைகளிலே சிற்பம் என்று ஏதும் இருந்தால், அது பெரும்பாலும் கல்விக்கு அதிதேவதையாகிய சரசுவதியின் திருவுருவம், அல்லது தாபகரின் மார்பளவுச் சிலை. வணக்கத்துக்குரிய அவற்றை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கவும், சாய்ந்து நிற்கவும், இது என்ன என்று ஒருவரையொருவர் வினாவவும் தக்க உருவம் ஒன்றும் வேண்டாமா?

அதற்குப் பணம் வேண்டுமே என்று சிலர் கூறுவர். பணம் இல்லாமையாலேயே சுஜாதை பிறந்தாள் என்பதே அவர்களுக்கு நாம் அளிக்கும் விடை. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும், வன்னியின் குளத்துக் களிமண்ணும், கிழக்கிலங்கையின் ஆற்று மணலும், மலைநாட்டின் கருங்கற் சல்லியும் நமது காலடியிலே கிடக்கின்றன. பனையின் நிமிர்வையும், ஆலின் விழுதையும், இறால் வலையை வீசும் மனிதனின் முதுகு வளைவையும், கொழுந்துக் கூடை சுமந்து ஏறும் தாயின் நடையையும் நாள்தோறும் காண்கின்றோம். மண்ணும் உண்டு, உருவமும் உண்டு. உற்று நோக்கும் கண்ணும், துணிந்து எறியும் கையுமே வேண்டுவன.

அவற்றுக்கும் மேலாக ஒன்று வேண்டும். முகம் தெளிவாக இல்லையே, மேனி கரடுமுரடாக இருக்கின்றதே என்று ஊர் முணுமுணுக்கும்போது, மாணவனை அழைத்து, இன்னும் செய், இந்த இடத்தையே நிரப்பு என்று கூறும் பெரியவர் ஒருவர் வேண்டும். அத்தகைய பெரியவர் நமது ஒவ்வொரு பாடசாலையிலும் ஒருவரேனும் இருப்பாராயின், நமது மண்ணின் சுஜாதைகளும் ஒருநாள் எழுந்து நடப்பர் என்பதில் ஐயமில்லை.